கூட வந்தவர்

ஜூன் 12, வியாழன்

என் வயிற்றை அறுத்து எடுக்க என் மகனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை. இதுதான் நடந்த அநியாயம். இதை எழுதி வைக்கத்தான் இந்த டைரியைத் திறந்திருக்கிறேன்.

நேற்று திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் புண், ஒரு சின்ன ஆபரேஷன், நாலைந்து நாளில் வீடு என்று பெரிய டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். இன்று காலை மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார். சின்ன வயதுக்காரர். பல் செட்டு உண்டா, பீடி சிகரெட் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "வயித்துல முக்கால்வாசியும் எடுக்கிற ஆபரேஷன் பெரியவரே, நேரம் ஆகும். பயப்படாதீங்க" என்றார்.

"யாரு வயித்துல?" என்று கேட்டேன்.

"உங்க வயித்துலதான். பையன் சொல்லலையா? கையெழுத்துப் போட்டிருக்காரே."

கட்டிலை விட்டு இறங்கினேன். அவர்கள் மாட்டிவிட்ட பச்சை அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேட்டி சட்டை உடுத்தினேன். கையில் குத்தியிருந்த ஊசியை எடு என்றேன். நர்சம்மா மாட்டேன் என்றாள். ஊசியோடு மாடிப்படி இறங்கினேன். வாசலில் ஓடிவந்து எடுத்தார்கள். சங்கரவேல் பின்னாலேயே வந்தான். "அப்பா, அப்பா" என்பதற்கு மேல் அவன் வாயில் எதுவும் வரவில்லை.

புண்ணுக்கு மருந்து போடுவார்கள். உறுப்பையா எடுப்பார்கள்? காலில் புண் வந்தால் காலை எடுத்துவிடுவார்களா என்று காரில் கேட்டேன். முன் சீட்டில் இருந்த என் மருமகள் தமயந்தி, "சக்கர வியாதி முத்துனா எடுக்கத்தான் செய்யுதாவ மாமா" என்றாள். நல்ல பெண். பதில் சொல்லாமல் இருக்க மட்டும் தெரியாது.


ஜூன் 14, சனி

இதை நாளைக்கு எவராவது படித்தால் விவரம் தெரிய வேண்டும். என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் லாரிகளை லோடோடு ஏற்றி எடை போடுகிற எடைமேடை என்னுடையது. இப்போது சங்கரவேல் பார்க்கிறான். மனைவி இல்லை. மகள் செல்வி மதுரையில். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. தமிழில் எதைக் கொடுத்தாலும் படிப்பேன். ஆங்கிலத்தில் எழுத்தும் எண்ணும் தெரியும். லாரி நம்பருக்கு அது போதும், டாக்டர் எழுத்துக்குப் போதாது.

எடைமேடைத் தொழிலில் ஒரு நியாயம் உண்டு. என் எடையில் உனக்குச் சந்தேகமா? வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மேடைக்குப் போ. அங்கே ஏற்றிப் பார். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. லோடுக்கு உள்ள நியாயம் வயிற்றுக்கும் உண்டு. இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் கத்தி வைக்கவிடமாட்டேன் என்று சங்கரவேலிடம் சொல்லிவிட்டேன்.

"திருநெல்வேலியிலயே பெரிய டாக்டருப்பா அவரு" என்றான்.

"பெரிய மேடையும் தப்பா காட்டும்ல."

"மதுரையில செல்விக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. அங்க போவோம்" என்றான். சரி என்றேன்.


ஜூன் 20, வெள்ளி

மதுரை.

இங்கேயும் பெரிய கட்டடம், குளிர்ந்த அறை. டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். பிறகு, "கூட வந்தவங்க மட்டும் இருங்க. ஐயா, நீங்க செத்த வெளிய உக்காருங்க" என்றார்.

"என் வயிறுதான, நானும் இருந்து கேக்கேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்கய்யா அந்தத் தலைவலியெல்லாம்? நிம்மதியா காத்தாட உக்காருங்க."

காற்று எங்கே இருந்தது? கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே பேச்சு நடந்துகொண்டே இருந்தது. என் டோக்கனுக்குப் பிறகு வந்தவர்கள் என்னை முறைத்தார்கள். அவர்கள் நேரத்தை நான்தான் எடுத்துக்கொள்கிறேன் என்று நினைப்பு.

கூப்பிட்டார்கள். போனேன்.

"புண்ணு கொஞ்சம் பெருசுங்கய்யா. எடுத்துர்றது நல்லது."

"புண்ணுதான?"

டாக்டர் செல்வியைப் பார்த்தார். "புண்ணுதான்."

"புண்ணுக்கு மாத்திரை கெடையாதா?"

"இருக்கு. ஆனா…"

"மாத்திரை போட்டா புண்ணு ஆறுமா, ஆறாதா?"

"ஆறுற புண்ணும் இருக்கு. இது வந்து…"

"இது வெறும் புண்ணுதான? வேற எதுவும் இல்லையே?"

மறுபடி செல்வியைப் பார்த்தார். சங்கரவேல் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"வேற எதுவும் இல்லைங்கய்யா."

"அப்ப மாத்திரை எழுதுங்க."

எழுதினார். எழுதும்போது அவர் முகம் நன்றாக இல்லை. ஒரு ஆபரேஷன் கைவிட்டுப் போனால் எந்த டாக்டருக்கும் முகம் நன்றாக இருக்காது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை காரில் வந்த செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஒத்துக்கொள்ளாது.


ஜூன் 24, செவ்வாய்

மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். காலையில் இட்லி ஒன்று. மாவு சரியாகப் புளிக்கவில்லை.


ஜூன் 29, ஞாயிறு

ஒரு புண்ணுக்கு இத்தனை பேர் பார்க்க வருவார்களா? ஆப்பிள் பழம் கூடை கூடையாகக் கிடக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலை வைக்க அலமாரியில் இடம் இல்லை.

இன்று சித்தப்பா மகன் வேலாயுதம் வந்தான். காம்பவுண்டுச் சுவரை என் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டு, கேட்டதற்கு என் மேலேயே கேஸ் போட்டவன். எதிரே வந்தால் துண்டை உதறிக்கொண்டு போகிறவன். இன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைத் தொட்டுக்கொண்டு பேசினான்.

"அண்ணாச்சி, அந்தக் கேஸ வாபஸ் வாங்கிருதேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய."

"ஏம்ல, வக்கீலு தோத்துருவேன்னுட்டானா?"

அவன் சிரிக்கவில்லை. கண் கலங்கினான். போகும்போது தமயந்தியிடம் ஏதோ மெதுவாகக் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சுவரை அவன் இடிக்கட்டும், பிறகு நம்புகிறேன்.


ஜூலை 8, செவ்வாய்

நேற்று மத்தியானம் சாப்பிட்டது இன்று காலை அப்படியே வெளியே வந்தது. கொல்லைப்புறத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தமயந்தி பார்த்துவிட்டாள். சங்கரவேலிடம் சொல்லாதே என்றேன்.

"இந்த வீட்டுல நான் எத்தனையத்தான் சொல்லாம இருக்கது மாமா?" என்றாள்.

எத்தனை என்றால் என்ன என்று கேட்டேன். வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கஞ்சியை வடிகட்டித் தருகிறாள். நான் கேட்கவில்லை. அவளாகச் செய்கிறாள்.


ஜூலை 15, செவ்வாய்

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டுக்கு ஆணியால் புதிய துளை போட்டேன். அதற்கு முன்னால் போட்ட துளையும் நான் போட்டதுதான்.

மாத்திரை வேலை செய்ய நாள் எடுக்கும்.


ஜூலை 19, சனி

இன்று எடைமேடைக்குப் போய் உட்கார்ந்தேன். அதனால் ஒரு விஷயம் பிடிபட்டது. நடந்தபடி எழுதுகிறேன்.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஒன்று வந்தது. ஏற்றினார்கள். எடையைப் பார்த்த வியாபாரி, குறைகிறது, ஒத்துக்கொள்ளமாட்டேன், பைபாஸ் மேடையில் போட்டுப் பார்க்கிறேன் என்றான். தாராளமாகப் போ என்றான் சங்கரவேல். வண்டி ரோட்டில் ஏறியதும் போனை எடுத்தான்.

"அண்ணாச்சி, எலுமிச்ச வண்டி ஒண்ணு அங்க வருது. நம்ம எடை இதுதான்" என்று எண்ணைச் சொல்லிவிட்டு வைத்தான்.

"எலே, என்ன வேலல இது?"

"எல்லாரும் செய்யுததுதாம்ப்பா. ரெண்டு மேடையும் முன்னப் பின்னக் காட்டுனா ரெண்டு பேரு பேரும் கெட்டுப் போவும். அவரும் எனக்குப் போன் போடத்தான் செய்வாரு."

"முதல் எடை தெரியாம போட்டாத்தாம்ல அது ரெண்டாவது எடை. தெரிஞ்சு போட்டா அது ஒன் எடையேதான். அங்க போயி ஒரு தடவ சொன்னதத் திருப்பிச் சொல்லுதான், அவ்வளவுதான்."

"நல்லதுக்குத்தாம்ப்பா செய்யுதோம்" என்றான். சொன்னவன் என்னைப் பார்க்கவில்லை. பில் புத்தகத்தைப் புரட்டினான்.

அதே முகம். மதுரையில் காலண்டர் படித்த முகம்.

அப்போதுதான் நினைவு வந்தது. மதுரை டாக்டர் என் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே, "வாம்மா செல்வி" என்று கூப்பிட்டார். செல்விக்குத் தெரிந்த டாக்டர் என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார்கள். எவ்வளவு தெரிந்தவர், என்ன சொல்லி வைத்திருந்தாள்?

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு போன் போடுவார்கள்.


ஜூலை 22, செவ்வாய்

நேற்று யாரிடமும் சொல்லாமல் தென்காசி போனேன். பெயர்ப் பலகை பார்த்து ஒரு டாக்டரிடம் நுழைந்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எந்த ஆஸ்பத்திரி, என்ன டெஸ்ட் என்று கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"கூட யாரும் வரலையா பெரியவரே?"

"நான்தான் வந்திருக்கேன்."

"பையனக் கூட்டிட்டு வாங்க. அவர்ட்ட பேசிக்கிடுதேன்."

என் காசு, என் வயிறு, என் காது. மூன்றும் எதிரே இருக்கிறது. பேச வேண்டியது பையனிடமாம்.

இன்று மைதீன் பிச்சை ராவுத்தரிடம் கொட்டித் தீர்த்தேன். எடைமேடைக்கு எதிரே லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். என்னை வைய உரிமை உள்ள ஒரே ஆள். கேட்டுக்கொண்டே இருந்தார். மூச்சு இழுப்புக்கு மருந்தை வாயில் அடித்துக்கொண்டார்.

"ஏன்வே, எந்த ஆஸ்பத்திரியில போனாலும் கூட வந்தவனுக்குத்தான சொல்லுதான்?"

"ஆமா."

"அப்பம் நீரு கூட வந்தவனாப் போவும்."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "நோயாளி நான். ஒம்ம பேரு, ஒம்ம படம், ஒம்ம பேப்பரு. என்னைய வெளிய போச் சொல்லிட்டு ஒம்மகிட்டச் சொல்லுவான்."

"ஒம்ம தாடியும் தொப்பியும் பாத்தா கோமதிநாயகம்னு எவம்வே நம்புவான்?"

"தொப்பியப் பையில வச்சுக்கிடுதேன். தாடி ஒங்க சாமியாருகளுக்கு இல்லையா? பேசுத பொய்யெல்லாம் நீரு பேசும். நான் தலைய மட்டும் ஆட்டுதேன். அல்லா கேட்டா ஒம்மளக் கை காட்டிருவேன்."

நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மா வயிற்று ஆபரேஷனில் கெட்டிக்காரி என்று அவர் மருமகன் சொன்னாராம். அங்கே எங்கள் ஆட்கள் யாருக்கும் பழக்கம் இல்லை. போன் போட முடியாது.


ஜூலை 24, வியாழன்

படங்களும் பேப்பர்களும் சங்கரவேல் பீரோவில். தமயந்தியிடம் கேட்டேன். ஏன், எங்கே என்று கேட்பாள், ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.

கேட்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, பீரோவைத் திறந்து கட்டோடு எடுத்துத் தந்தாள். "எல்லாம் இதுல இருக்கு மாமா. ஒண்ணும் வுட்டுப் போவல. சனிக்கெழம அவ்வோ திருச்செந்தூர் போறாவ" என்றாள்.

மறுபடி சொல்கிறேன், நல்ல பெண்.


ஜூலை 26, சனி

எழுதியாக வேண்டும். எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ராவுத்தரை எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். "என்னைய ஏன்வே குத்துதாளுவ" என்று என் காதில் கேட்டார். தொப்பியில்லாத தலையை அடிக்கடி தடவிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். "கோமதிநாயகம் யாரு?" என்று கேட்டார். ராவுத்தர் என்னைப் பார்த்தார். முழங்கையால் இடித்தேன்.

"நான்தாம்மா."

"சாப்பாடு எறங்குதா?"

"ஆட்டுக்கால் சூப்பு நல்லா எறங்குது" என்றார் அந்த மனிதர். காலை மிதித்தேன். "ஆனா வாந்தி வருது" என்று சேர்த்தார்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தார். ராவுத்தரின் மூச்சைக் கவனித்தார். எத்தனை வருஷமாக இழுப்பு, மாடிப்படி ஏற முடியுமா என்று கேட்டார். இதற்கெல்லாம் அவர் உண்மையைச் சொன்னார். கடைசியில் நான் எதற்காக வந்தேனோ அது நடந்தது.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. கூட வந்தவர்ட்ட பேசிட்டு அப்புறம் உங்களப் பரிசோதிக்கேன்."

ராவுத்தர் எழுந்தார். கதவருகில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அவரிடம் நான் அதுவரை பார்க்காத பார்வை அது.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"சிநேகிதன்."

"இது கேன்சர்னு வீட்டுல யாருக்கெல்லாம் தெரியும்?"

சன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அது எடுத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் தெரியும்மா" என்றேன். சொல்லும்போதே அது உண்மை என்று தெரிந்தது. கூடை கூடையாய் ஆப்பிள் வைத்தவர்களுக்குத் தெரியும். வேலாயுதத்துக்குத் தெரியும்.

"அவருக்கு?"

"அவருக்கு மட்டும் தெரியாது."

"இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். சொன்னா தளர்ந்துருவாங்க. ஜூன்லயே ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க. ஏன் பண்ணல?"

"புண்ணுன்னு சொல்லியிருக்காவ. புண்ணுக்கு எதுக்கு வயித்த எடுக்கணும்னு அவரு எந்திரிச்சு வந்துட்டாரு."

டாக்டரம்மா பேனாவை மேசையில் தட்டினார். "ஆறு வாரம் போயிருச்சு. அதை விட, ஆள் இருக்கிற நிலைமையப் பாத்தா… இந்த நுரையீரலோட மயக்க மருந்து தாங்கமாட்டாரு. எழுபது வயசுக்கு மேல. நான் கத்தி வைக்கச் சொல்லமாட்டேன். விருப்பப்பட்டதக் கொடுங்க. வலி வந்தா அதுக்கு மருந்து தாரேன். இருக்கிற வரைக்கும் நல்லா வச்சுக்கோங்க."

தீர்ந்தது. என் கதையை முடித்துவிட்டார், ராவுத்தரின் மூச்சை வைத்து. பக்கத்து லாரியின் லோடை என் பில்லில் எழுதிவிட்டார். எழுத வைத்தது நான்தான்.

வெளியே வந்து ராவுத்தரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஏறினால் இந்தத் தீர்ப்பும் என்னுடையது இல்லை.

"அந்த ஆளப் பாத்துச் சொல்லாதிய டாக்டரம்மா. வயிறு என்னுது" என்றேன்.

அவருக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? அவர் பேர்ல ஊசி மருந்து எழுதியிருந்தேன்னா? விளையாடுத எடமா இது?"

"விளையாட வரல. நாலு டாக்டரப் பாத்துட்டேன். கூட வந்தவனுக்குத்தான் சொல்லுதிய. அதான் கூட வந்தவனா வந்தேன்."

என்னை அப்படியே பார்த்தார். பிறகு கட்டிலைக் காட்டினார். "ஏறிப் படுங்க."

அமுக்கிப் பார்த்தார், கழுத்துக் குழியில் விரலை விட்டுப் பார்த்தார், மூச்சு இழுக்கச் சொன்னார், அறைக்குள்ளேயே நடக்கச் சொன்னார். பிறகு நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "எவ்வளவு தெரியணும்?" என்று கேட்டார். என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

"எல்லாம்."

சொன்னார். கட்டி வயிற்றின் அடிவாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வாந்தி. நுரையீரலும் இதயமும் வயதுக்கு நன்றாக இருக்கின்றன, ஆபரேஷன் தாங்கலாம். ஆனால் ஜூனில் எடுத்த படத்தை நம்பி இப்போது எதுவும் சொல்ல முடியாது. புதிதாக ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேனில் தெரியாததும் இருக்கும். அதனால் முதலில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு உள்ளே பார்ப்பார்கள். பரவாமல் இருந்தால் எடுப்பார்கள், பிறகு மருந்து ஏற்றுவார்கள். பரவியிருந்தால் எடுப்பதில் பயன் இல்லை. சாப்பாடு இறங்க ஒரு வழி மட்டும் செய்துவிட்டு மூடிவிடுவார்கள்.

"பரவியிருக்குமா?"

"தெரியாது ஐயா. ஜூன்ல பரவல."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். அதை நம்பினேன்.

ராவுத்தரை உள்ளே கூப்பிட்டார்கள். "நான் பொழைப்பனாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "நீங்க நல்லா இருப்பீங்க. இனிமே அடுத்தவங்க பேருக்குத் தலையாட்டாதீங்க" என்றார் டாக்டரம்மா. ராவுத்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பஸ் வள்ளியூரைத் தாண்டியது. பிறகு அவர்தான் பேசினார்.

"எனக்கும் தெரியும்வே. ஒம்ம மவன் பள்ளிவாசல் முன்னால வச்சு என் கையப் பிடிச்சுட்டு அழுதான். என் வாயால சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"அதனால?"

"அதனால என் வாயால சொல்லல."

திருநெல்வேலியில் இறங்கும்போது அவர் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து இறங்கினேன்.


ஜூலை 27, ஞாயிறு

சங்கரவேல் திருச்செந்தூர் இலை விபூதி கொண்டுவந்து நெற்றியில் பூசினான். பூசட்டும் என்று இருந்தேன்.


ஜூலை 28, திங்கள்

காலையில் ஆடித்தபசுக்குக் கொடியேறியது. கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்களைக் கூடத்தில் உட்காரச் சொன்னேன். செல்வியும் மதுரையிலிருந்து திருவிழாவுக்காக வந்திருந்தாள்.

"எனக்குக் கேன்சருன்னு உங்கள்ல யாருக்கு முதல்ல தெரியும்?" என்றேன்.

செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சங்கரவேல், "யாருப்பா சொன்னா, அதெல்லாம் இல்ல" என்று ஆரம்பித்தான்.

"எலே, இன்னொரு பொய்யி சொன்னேன்னா இந்த வீட்டுல தண்ணி குடிக்கமாட்டேன்."

உட்கார்ந்துவிட்டான். நாற்பத்து மூன்று வயது ஆண். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். "பெரிய மாமாவுக்கும் இதே நோயிதான், அவர்ட்டச் சொன்னாங்க, ஒரே வாரத்துல போயிட்டாரு. நீங்களும் தாங்கமாட்டியன்னு நெனச்சோம்ப்பா."

"நான் தாங்கமாட்டேன்னு எந்த மேடையிலல ஏத்திப் பாத்த?"

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"புண்ணுன்னு சொன்னிய. புண்ணுக்கு எது சரியோ அதத்தான் நான் செஞ்சேன். ஆறு வாரம் போச்சு. அது யாரு கணக்குல?"

"அப்பா, எங்க மேல கோவப்படுங்க. ஆபரேஷனுக்கு மட்டும் சம்மதிங்க" என்றாள் செல்வி.

"கோவப்படத்தான் செய்யுதேன். அதுக்கு நீ அனுமதி தர வேண்டாம்."

தமயந்தி கதவோரம் நின்றாள். "சொல்லிருவோம்னு முதல் நாளே சொன்னேன் மாமா. மருமக பேச்சு எடுபடல" என்றாள். சங்கரவேல் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "பாக்காதிய. பீரோவத் தொறந்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான்" என்றாள்.

நான் யாரையும் மன்னித்துவிட்டேன் என்று இதைப் படிக்கிறவர் நினைக்க வேண்டாம்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

நாகர்கோவிலில் புதிய ஸ்கேன். மற்ற உறுப்புகளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. வயிற்றுச் சவ்வில் ஓரிடம் சந்தேகம், உள்ளே கேமரா விட்டால்தான் உறுதி. டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார். சங்கரவேல் வெளியே உட்கார்ந்திருந்தான். நான்தான் உட்காரச் சொன்னேன்.

புதன்கிழமை நாள் குறித்தார். வியாழன் ஆடித்தபசு, அது முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று சங்கரவேல் கேட்டான். அம்மன் ஒற்றைக்காலில் தபசு நின்று காத்திருக்கட்டும், எனக்கு அவ்வளவு நேரம் இல்லை என்றேன்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ராவுத்தர் வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாரும் என்று நான் சொல்லவில்லை, போம் என்றும் சொல்லவில்லை. அவராக வந்து உட்கார்ந்தார். தமயந்தி காபி கொடுத்தாள். கோமதிநாயகம் என்ற பெயரில் தனக்குப் பிரஷர் கூடுதலாக இருந்ததாம், மாத்திரை வாங்கலாமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து வயிறு வலித்தது.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் இதை எழுதி, எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டப் போகிறேன்.

சம்மதக் கையெழுத்து நான் போடுவேன். சங்கரவேல் சாட்சிக் கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

செல்வி மதுரை டாக்டருக்குப் போன் போட்டு, எங்கள் பேச்சைக் கேட்டு எங்கள் அப்பாவிடம் பொய் சொன்னீர்கள், அடுத்த கிழவனிடம் சொல்லாதீர்கள் என்று சொல்ல வேண்டும். என் எதிரில் சொல்ல வேண்டும்.

பைபாஸ் மேடைக்குப் போன் போடுவதைச் சங்கரவேல் இன்றோடு நிறுத்த வேண்டும். இரண்டு மேடையும் வேறு வேறு எடை காட்டினால் இரண்டையும் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுச் சோதிக்கட்டும்.

வேலாயுதம் கேஸை வாபஸ் வாங்க வேண்டாம். நான் திரும்பி வந்தால் நடத்துகிறேன். வராவிட்டால் சங்கரவேல் நடத்த வேண்டும். பரிதாபத்துக்காக எனக்கு யாரும் சுவரை இடிக்க வேண்டியதில்லை.

ராவுத்தர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். அவருக்கு அந்தப் படிக்கட்டு ஆகாது. வீட்டில் இருந்து அவர் கும்பிடுகிற விதத்தில் கும்பிடட்டும். வாயைத் திறந்து கும்பிடட்டும்.

டாக்டரம்மா உள்ளே பார்த்துவிட்டு, பரவாமல் இருந்தால் எவ்வளவு எடுக்க வேண்டுமோ அவ்வளவும் எடுக்கலாம். பரவியிருந்தால் வழி மட்டும் செய்துவிட்டுத் தைத்துவிட வேண்டும். வந்ததற்காக எதையாவது அறுக்கக் கூடாது. இதை அவரிடம் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் யாரிடம் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். தமயந்தியிடம் என்றேன். சங்கரவேலும் செல்வியும் பக்கத்தில் நிற்கலாம். அழுகை வந்தால் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் அழுதுவிட்டு வர வேண்டும்.

எனக்கு நினைவு திரும்பியதும் தமயந்தி என் கட்டிலுக்கு வர வேண்டும். எடுத்தார்களா, மூடிவிட்டார்களா என்று சொல்ல வேண்டும். நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் அதே குரலில், பதில் பேசும்போது அவளுக்கு வருமே அந்தக் குரலில், சொல்ல வேண்டும். காலையில் அவளிடம் கேட்டேன். "சொல்லுவேன் மாமா. ஆனா நீங்க நடுவுல பேசக் கூடாது. நான் சொல்லி முடிச்சப் பொறவுதான் வாயத் தொறக்கணும்" என்றாள்.

குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டியது நான்.